ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்து ஐஸ்லாந்திய மொழி படிப்பது சரியா? ரேக்யவிக்கிலிருந்து ஒரு கேள்வி

உப்பளத்தான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் ரேக்யவிக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறேன். வந்து ஐந்து மாதம் ஆகிறது. சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம்.

வாரம் இரண்டு நாள் சாயங்காலம் மொழி வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் போலந்துக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், லிதுவேனியாவிலிருந்து ஒருவர், அப்புறம் நான். எங்கள் எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்தது கொஞ்சம் ஆங்கிலம்தான். அதனால் கொடுக்கிற தாள் இரண்டு பத்தியாக இருக்கும். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் ஐஸ்லாந்தியச் சொல். ஃபிஷ் – ஃபிஸ்குர். ஹவுஸ் – ஹூஸ். மவுஸ் – மூஸ். மில்க் – ம்யோல்க். பிரெட் – ப்ரொய்த். முதல் மாதம் ரொம்ப உற்சாகமாக இருந்தது. பாதிச் சொற்கள் ஏற்கெனவே தெரிந்தவை மாதிரியே இருந்தன.

பிரச்சினை சமையலறையில் தொடங்கியது. ஒருநாள் இரவுக் கூட்ட நேரத்தில் தலைமைச் சமையல்காரர் என்னைப் பார்த்து 'போட்லி' என்றார். காதில் விழுந்ததும் 'பௌல்' என்று எடுத்துக்கொண்டு, சூப் ஊற்றுகிற பெரிய கிண்ணத்தை ஓடிப்போய் எடுத்து வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து காப்பிக் கோப்பை ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்து, 'போட்லி' என்று மறுபடியும் மெதுவாகச் சொன்னார். தாளில் கப் – போட்லி என்றுதான் இருக்கிறது. நான் படித்தும் இருக்கிறேன். ஆனால் அவசரத்தில் மனம் ஒலி ஒத்துப்போகிற ஆங்கிலச் சொல்லிடம்தான் ஓடுகிறது. 'டிஸ்குர்' என்றால் தட்டு, எனக்கு 'டிஷ்' என்று கேட்கிறது. 'ஸ்கிர்ட்டா' என்றால் சட்டை, எனக்குப் பாவாடை நினைவுக்கு வருகிறது.

ஆங்கிலம் வழியாகப் படிப்பதை விட்டுவிட்டு நேரே தமிழ் – ஐஸ்லாந்தியப் பட்டியல் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்

தம்பி, நேராகவே கேட்கிறேன். அங்கே கிட்டத்தட்ட எல்லாரும் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள். அந்த மொழி பேசுகிறவர்கள் நாலு லட்சம் பேர்கூட இல்லை. இந்த உழைப்பை ஆங்கிலத்தைச் சரிசெய்வதில் போட்டால் உலகத்தில் எங்கேயும் உதவும். சுற்றுலா ஹோட்டலில் ஆங்கிலம் போதாதா?

பனைநிழல்

நான் நோர்வேயில் முப்பது வருசமாக இருக்கிறேன், யாழ்ப்பாணம். ஐஸ்லாந்து மொழி எனக்குத் தெரியாது. ஆனால் நோர்வே மொழியும் அதுவும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் இந்தப் பட்டியல் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

தம்பி உப்பளத்தான், உங்களைக் குழப்புகிற சொற்கள் தற்செயலாகக் குழப்பவில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முன் நோர்வே, டென்மார்க் பக்கத்துக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி உழுது வாழ்ந்தார்கள். அவர்களின் பேச்சு ஆங்கிலத்துக்குள் இறங்கிவிட்டது. நைஃப், எக், ஸ்கை, ஸ்கர்ட், விண்டோ, டேக், ஏன் 'தே' என்கிற பிரதிப்பெயர்கூட அங்கிருந்து போனது. போன இடத்தில் சில சொற்களின் பொருள் நகர்ந்துவிட்டது. 'ஸ்கீ' என்றால் ஐஸ்லாந்தில் இன்றைக்கும் மேகம். நோர்வேயிலும் அந்தச் சொல்லுக்கு மேகம்தான். ஆங்கிலேயர் அதை வானம் ஆக்கிவிட்டார்கள். 'ஷர்ட்' ஆங்கிலேயரின் சொந்தச் சொல், 'ஸ்கர்ட்' வைக்கிங்கிடம் வாங்கியது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒரே துணிக்கு இரண்டு பெயர் வந்ததும் ஒன்று மேலே நின்றது, மற்றது இடுப்புக்குக் கீழே போய்விட்டது.

முட்டைக்கு ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சுக்கூடம் வைத்த கேக்ஸ்டன் 1490இல் எழுதியது. தேம்ஸ் ஆற்றில் காற்று இல்லாமல் நின்ற கப்பலிலிருந்து வியாபாரிகள் கரைக்கு வந்து ஒரு வீட்டில் 'எக்ஸ்' கேட்டார்கள். அந்தப் பெண் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாளாம். கேட்டவருக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது. 'ஐரன்' ஆங்கிலேயரின் பழைய சொல், 'எக்' வடக்கிலிருந்து வந்தது. கடைசியில் நிலைத்தது வந்த சொல்தான். நீங்கள் இன்றைக்குச் சமையலறையில் 'எக்' என்று கேட்டால் முட்டை வரும், ஒலிகூட அநேகமாக அதேதான்.

உப்பளத்தான்

பனைநிழல் அண்ணா, ரொம்ப நன்றி. வானமும் மேகமும் எனக்கு இனி மாறாது.

கணக்கர் சார், நீங்கள் கேட்டது நியாயம்தான். விருந்தினர்களிடம் ஆங்கிலம் போதும். ஆனால் வேலை முடிந்து பின்னால் இருக்கிற சின்ன அறையில் எல்லாரும் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது அவர்கள் மொழியில்தான் பேச்சு. என்னைப் பார்த்ததும் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். மாறியதும் பேச்சு சுருங்கிவிடும். ஐந்து பேர் எனக்காகத் தங்கள் பேச்சைச் சுருக்கிக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மழைநாள்

நான் ரேக்யவிக்கில் நாலு வருடம் படித்தேன். கணக்கர் சாருக்கு: குடியுரிமை கேட்கிறவர்களுக்கு மொழித் தேர்வு உண்டு. அதைவிட, பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் குறிப்பு, மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அந்த மொழியில்தான் வரும். ஆங்கிலத்தில் அங்கே வாழ முடியும், உண்மைதான். ஆனால் பத்து வருடம் ஆனாலும் விருந்தாளியாகவே இருப்போம்.

இப்போது பட்டியல் விஷயம். உப்பளத்தான், ஆங்கிலப் பத்தியைத் தூக்கிப் போடாதீர்கள். நான் அதே தாள்களோடுதான் தொடங்கினேன். பிறகு ஒன்று கவனித்தேன். ஆங்கிலத்தில் அன்றாடச் சொல்லாக இருப்பது பல நேரம் பிரெஞ்சிலிருந்து வந்ததாக இருக்கும். 1066இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அங்கே ஆண்டவர்களின் பேச்சு அது. ஐஸ்லாந்தில் அந்த ஆட்சி இல்லை, பழைய சொல் அப்படியே நின்றுவிட்டது. ஆங்கிலத்தின் பழைய சொல் எங்காவது மூலையில் உயிரோடு இருக்கும். நாற்காலிக்கு அங்கே 'ஸ்டோட்ல்', அது ஆங்கிலத்தில் சின்ன முக்காலியாகிவிட்ட 'ஸ்டூல்'. மேசைக்கு 'போர்த்', அதாவது 'போர்ட்'. நாய்க்கு 'ஹுண்டுர்', ஆங்கிலத்தில் 'ஹவுண்ட்' வேட்டை நாய் மட்டும். பூவுக்கு 'ப்ளோம்'. இலையுதிர் காலத்துக்கு 'ஹொய்ஸ்ட்', ஆங்கிலத்தில் அது 'ஹார்வெஸ்ட்', அறுவடை. விலங்குக்கு 'டீர்', ஆங்கிலத்தில் மானாகச் சுருங்கிவிட்டது. உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது: 'ரேய்குர்' என்றால் புகை, ஆங்கிலத்தில் 'ரீக்' என்றால் நாற்றம் வீசுவது. ரேக்யவிக் என்றால் புகை விரிகுடா. வெந்நீர் ஊற்றுகளின் ஆவியைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள்.

அதனால் நான் தாளில் இரண்டு பத்திக்கு நடுவில் ஒரு கோடு போட்டு, அந்த இடைவெளியில் ஐஸ்லாந்தியச் சொல்லின் ஆங்கில உறவுக்காரர் யார் என்று பென்சிலால் எழுதினேன். கப் – (பௌல்) – போட்லி. பிளேட் – (டிஷ்) – டிஸ்குர். உறவை எழுதிவிட்டால் குழப்பம் போகிறது. குழப்புவதே நினைவில் நிற்க உதவுகிறது.

சொல்லேர்

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். இந்த மொழிகள் எனக்குத் தெரியாது. ஆனால் 'விண்டோ' வடக்கிலிருந்து போனது என்று பனைநிழல் எழுதியிருக்கிறார். அதன் மூலப்பொருள் என்ன?

பனைநிழல்

ஐயா, பழைய வடமொழியில், நம்முடைய வடமொழி அல்ல, அவர்களுடைய வடக்கு மொழியில், அது 'விந்தவுகா'. 'விந்த்' காற்று, 'அவுகா' கண். காற்றின் கண். நோர்வேயில் 'விந்து' என்று தேய்ந்து நிற்கிறது.

சொல்லேர்

கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நம்மிடம் 'காலதர்' இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'பலகணி' இருக்கிறது, பல கண் உடையது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது மானின் கண் போன்ற காலதர் வருகிறது. காற்றும் கண்ணும் ஒரே இடத்தில். ஒன்றையொன்று பார்த்தறியாத இரண்டு கூட்டம் சுவரில் ஒரு துளை போட்டுவிட்டு ஒரே மாதிரி நினைத்திருக்கிறது.

மழைநாள்

ஐயா, இன்னும் ஒன்று சொல்கிறேன். ஐஸ்லாந்தியர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள். இப்போது சன்னலுக்கு 'க்ளுக்கி'. ஆனால் கண்ணாடி கிடைக்காத காலத்தில் புல்தரை வேய்ந்த வீடுகளில் சட்டத்தின் மேல் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டி வெளிச்சம் வர வைத்தார்கள். அந்தச் சவ்வுச் சன்னலுக்கு 'ஸ்க்யவுர்' என்று பெயர். கண்ணாடி வந்ததும் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிறகு தொலைக்காட்சித் திரையும் கணினித் திரையும் வந்தபோது அதையே எடுத்து வைத்துவிட்டார்கள். நீங்கள் இந்த இழையைப் படிக்கிற திரைக்கு அங்கே 'ஸ்க்யவுர்'. வெளிச்சம் ஊடுருவி வருகிற சவ்வு.

தொலைபேசிக்கு 'ஸீமி', நூல் என்று பொருள்பட்ட பழஞ்சொல். கணினிக்கு 'டோல்வா': 'டாலா' என்றால் எண், 'வோல்வா' என்றால் குறி சொல்கிறவள். எண்ணால் குறி சொல்கிறவள். சிகுர்துர் நோர்டால் என்ற அறிஞர் 1960களில் உருவாக்கியது. மின்சாரத்துக்கு 'ராஃப்மாக்ன்', அம்பர் பிசினின் வலிமை. ஆங்கிலச் சொல்லும் அம்பருக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அவர்கள் அதைத் தங்கள் சொல்லால் திருப்பிச் செய்துகொண்டார்கள்.

சமையலறைக்கு 'எல்ட்ஹூஸ்', தீ வீடு. குளிர்பெட்டிக்கு 'ஈஸ்ஸ்காபுர்', பனி அலமாரி. தூசி உறிஞ்சும் கருவிக்கு 'ரிக்சூகா', தூசி உறிஞ்சி. இந்த வகைச் சொற்களுக்கு ஆங்கிலப் பத்தி உதவவே உதவாது. உடைத்துப் பார்த்தால் தமிழில் அப்படியே உட்காரும்.

சொல்லேர்

மறைமலை அடிகள் தனித்தமிழ் என்று தொடங்கியது 1916இல். கணினி, மின்சாரம், தொலைக்காட்சி என்று நாம் இன்றைக்கு யோசிக்காமல் சொல்கிற சொற்களுக்குப் பின்னால் பல பேருடைய உழைப்பு இருக்கிறது. ஆனால் நாம் பத்திரிகையில் 'கணினி' என்று எழுதிவிட்டு வீட்டில் 'கம்ப்யூட்டர்' என்கிறோம். அவர்கள் வீட்டிலும் 'டோல்வா' என்றுதான் சொல்கிறார்களா?

மழைநாள்

ஆமாம் ஐயா, குழந்தையும் 'டோல்வா' என்றுதான் சொல்லும். ஆனால் எல்லாச் சொல்லும் அப்படி அல்ல. பெட்டிக்கடைக்கு 'ஷோப்பா' என்கிறார்கள், ஆங்கில 'ஷாப்'தான். ஜீப்புக்கு 'யெப்பி'. 1940இல் பிரிட்டிஷ் படையும் அடுத்த வருடம் அமெரிக்கப் படையும் வந்து இறங்கிய பிறகு ஆங்கிலம் நிறையவே உள்ளே வந்தது. இன்றைய இளையவர்கள் பேச்சில் ஆங்கிலம் இன்னும் கூடுதல். அதைப் பற்றி அங்கேயும் கவலைப்படுகிறவர்கள் உண்டு.

கணக்கர்

சரி, ஒரு சந்தேகம். அந்த ஊர்ப் பிள்ளைகளும் இதே பட்டியலைத் திருப்பிப் போட்டுத்தானே ஆங்கிலம் படிப்பார்கள்? அவர்களுக்கு எப்படி இருக்கும்?

மழைநாள்

நல்ல கேள்வி சார். முன்பு அங்கே முதல் அயல்மொழி டேனிஷ். 1999 பாடத்திட்டத்திலிருந்து ஆங்கிலம் முதலிடத்துக்கு வந்தது. நான் பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஆங்கிலப் பாடத்தில் உதவியிருக்கிறேன். அவள் தடுமாறிய இடமெல்லாம் நான் தடுமாறிய இடம்தான், எதிர்ப்பக்கத்திலிருந்து. 'பார்ன்' என்று ஆங்கிலப் படத்தில் மாட்டுத் தொழுவம் வரைந்திருந்தது. அவள் மொழியில் அதே எழுத்துகளில் எழுதினால் குழந்தை. தொழுவத்துக்குள் குழந்தையைத் தேடினாள். 'கிஃப்ட்' என்றதும் கல்யாணம் என்றாள், அவள் மொழியில் 'கிஃப்டா' என்றால் கல்யாணம் செய்துவைப்பது. அவளும் நானும் ஒரே நோட்டில் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதினோம்.

உப்பளத்தான்

ஒரு வாரமாக மழைநாள் அக்கா சொன்ன மாதிரி நடுப் பத்தி எழுதுகிறேன். போட்லி இனி தவறாது. ஆனால் புதிதாக ஒன்றில் மாட்டிக்கொண்டேன்.

எண்கள். 'டூ' என்பதற்குத் தாளில் 'ட்வேய்ர்' என்று மட்டும் இருக்கிறது. சமையலறையில் இரண்டு தட்டுக்கு 'ட்வேய்ர் டிஸ்கார்' என்கிறார்கள், இரண்டு கரண்டிக்கு 'ட்வைர் ஸ்கேய்தார்', இரண்டு முட்டைக்கு 'ட்வொ எக்'. ஒரே இரண்டுக்கு மூன்று இரண்டு.

இன்னொன்று. சனிக்கிழமை குப்பை போட வெளியே போய்விட்டு வந்து 'எனக்குக் குளிருது' என்று சொல்ல நினைத்து, ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்' என்று மனதில் வைத்து, 'யெஹ் எர் கால்டுர்' என்றேன். எல்லாரும் புரிந்துகொண்டார்கள், ஆனால் ஒருவர் 'ம்யேர் எர் கால்ட்' என்று திருத்தினார். ஏன் என்று கேட்டேன், அப்படித்தான் என்றார்.

சொல்லேர்

'ம்யேர்' என்றால் என்ன?

மழைநாள்

ஐயா, 'எனக்கு'!

இதைத்தான் சொல்ல நினைத்தேன், உப்பளத்தானே வந்து சேர்ந்துவிட்டார். 'யெஹ்' என்றால் நான், 'ம்யேர்' என்றால் எனக்கு. 'ம்யேர் எர் கால்ட்' என்றால் எனக்குக் குளிராக இருக்கிறது. 'நான் குளிர்' என்று சொன்னால் என் உடம்பு தொட்டால் சில்லென்று இருக்கிறது, அல்லது நான் அன்பில்லாதவன் என்றாகிவிடும். நாம் தமிழில் 'நான் குளிர்கிறேன்' என்று சொல்வோமா?

'ம்யேர் ஃபின்ஸ்ட்': எனக்குத் தோன்றுகிறது. 'ம்யேர் லேய்திஸ்ட்': எனக்குச் சலிப்பாக இருக்கிறது. 'ம்யேர் லீகார்': எனக்குப் பிடிக்கிறது. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் 'ம்யேர் எர் இல்ட்' என்றுதான் தொடங்கும். ஆங்கிலம் எல்லாவற்றையும் 'ஐ' போட்டுத் தொடங்குகிறது. சலிப்பு, குளிர், ஆசை, எண்ணம் எல்லாம் நான் செய்கிற காரியம் மாதிரி. ஐஸ்லாந்தியமும் தமிழும் அவற்றை நமக்கு வந்து சேர்கிறவையாக வைக்கின்றன. நான் இரண்டு வருடம் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துப் பேசித் தவறிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் தமிழிலிருந்து நேரே போனேன், வாய் தானாக வந்தது.

எண்ணுக்கும் அதுதான். ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று சொல்கிறவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஒன்று முதல் நான்கு வரைதான் மாறும், ஐந்திலிருந்து நிம்மதி. தட்டு ஆண்பால், கரண்டி பெண்பால், முட்டை அஃறிணை மாதிரி மூன்றாவது பால். எந்தப் பொருள் எந்தப் பால் என்பதைச் சொல்லோடு சேர்த்துத்தான் மனதில் போட வேண்டும்.

சொல்லேர்

அப்படியானால் வேற்றுமையும் உண்டா?

மழைநாள்

நாலு ஐயா. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் ஓசையாகச் சொல்லிப் படிப்பார்கள்: இதோ குதிரை என்றால் ஹெஸ்டுர், குதிரையைப் பற்றி என்றால் ஹெஸ்ட், குதிரையிடமிருந்து என்றால் ஹெஸ்டி, குதிரையிடத்துக்கு என்றால் ஹெஸ்ட்ஸ். ஆங்கிலப் பட்டியலில் குதிரைக்கு ஒரே ஒரு சொல்தான் இருக்கும். உப்பளத்தான், ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லா வடிவமும் பார்க்க 'பீன்' என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது, ஆர்னி மாக்னூசன் நிறுவனத்தினுடையது, இலவசம். ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் 'ஐஸ்லாண்டிக் ஆன்லைன்' பாடமும் இலவசம்தான்.

இதில் ஒரு நுணுக்கம் கவனியுங்கள். 'எனக்கு வேண்டும்', 'எனக்கு ஆசை' என்ற இரண்டிலும் அங்கே 'எனக்கு' (ம்யேர்) வராது, 'என்னை' (மிக்) வரும். 'மிக் வன்டார் ஹ்னீவ்': எனக்குக் கத்தி வேண்டும். 'மிக் லவுங்கார் ஈ காஃபி': எனக்குக் காப்பி வேண்டும் போல இருக்கிறது. ஆனால் ஐஸ்லாந்தியர்களிலேயே நிறையப் பேர் 'ம்யேர் லவுங்கார்' என்று சொல்லிவிடுவார்கள். ஆசிரியர்கள் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'நான்காம் வேற்றுமை நோய்'.

பனைநிழல்

நோர்வேயில் இந்த வேற்றுமை எல்லாம் தேய்ந்து போய்விட்டது. அதனால்தான் எனக்கு அது தெரியவில்லை. பிள்ளைகளுக்கு இதைக் காட்டப்போகிறேன். அவர்கள் வீட்டில் தமிழ் கதைப்பதைப் பாரமாக நினைக்கிற வயதில் இருக்கிறார்கள்.

கிழமைகளையும் பாருங்கள் தம்பி. ஆங்கிலத்தில் வியாழன் தோர் கடவுளின் நாள், எங்களுக்கும் 'தோர்ஸ்தாக்'. தோரைப் பாடிய பாட்டுகளையும் கதைகளையும் எழுதிக் காத்து வைத்த ஐஸ்லாந்தில் அது 'ஃபிம்ட்டுடாகுர்', ஐந்தாம் நாள். 12ஆம் நூற்றாண்டில் ஹோலார் என்ற ஊரின் ஆயராக இருந்த யோன் ஓக்முந்தர்சொன் பழைய கடவுள் பெயர்களை எடுத்துவிட்டார் என்பது அங்குள்ள வழக்கு. செவ்வாய் மூன்றாம் நாள், புதன் வார நடு, வெள்ளி நோன்பு நாள், சனி குளியல் நாள்.

சொல்லேர்

சனி நீராடு என்றாள் ஔவை. அங்கேயும் சனிதானா!

கணக்கர்

நான் முதலில் எழுதியதைத் திரும்பிப் பார்த்தேன். நாலு லட்சம் பேர் என்று தலையை எண்ணிப் பேசியிருக்கக் கூடாது. தம்பி, தொடர்ந்து எழுதுங்கள், படிக்கிறேன்.

உப்பளத்தான்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். இரவு நேரம் நீளமாக இருக்கிறது, வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. நோட்டை மாற்றிவிட்டேன். சொல்லுக்கு ஆங்கிலப் பத்தி இருக்கிறது, நடுவில் உறவுக்காரர், வலது பக்கம் ஐஸ்லாந்தியம். வாக்கியத்துக்கு மட்டும் தனிப் பக்கம், அதில் ஆங்கிலமே கிடையாது. இடது பக்கம் தமிழ்.

எனக்குக் குளிருது – ம்யேர் எர் கால்ட்.
எனக்குக் கத்தி வேணும் – மிக் வன்டார் ஹ்னீவ்.
சாப்பாட்டுக்கு நன்றி – டஹ்க் ஃபிரிர் மாட்டின்.

கடைசி வாக்கியத்தை வேலைக்காரர்கள் சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். இங்கே சாப்பிட்டு எழுந்ததும் சமைத்தவருக்கு அதைச் சொல்கிற வழக்கம் உண்டு. தலைமைச் சமையல்காரர் நிமிர்ந்து பார்த்து 'வெர்தி த்யேர் ஆத் கோது' என்றார். உனக்கு நன்மையாகட்டும் என்று அர்த்தமாம். 'த்யேர்' என்றால் உனக்கு. கேட்டவுடனே புரிந்தது.

நேற்று அவர் காப்பி இயந்திரத்தின் பக்கம் திரும்பி 'ம்யேர் லவுங்கார் ஈ காஃபி' என்றார். எனக்குச் சட்டென்று மழைநாள் அக்கா எழுதியது நினைவுக்கு வந்தது. 'மிக்' தானே வர வேண்டும் என்று கேட்டேன். அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டு, என் பாட்டியும் இதைத்தான் திருத்துவார் என்றார். அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அப்புறம் பாட்டியைப் பற்றி, வடக்கே இருக்கிற அவருடைய ஊரைப் பற்றி, கால் மணி நேரம் அவர் மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது.

அடுத்த வாரம் வினைச்சொல் தாள் தருவார்களாம். வந்ததும் இங்கே போடுகிறேன், சொல்லேர் ஐயா பார்க்க வேண்டும்.